அப்பாயியின் படம் பச்சையான கதை

சென்ற ஐப்பசியில், மழை சற்றே விட்டிருந்த ஒரு சனிக்கிழமை காலையில், தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண்மணி கண்டியிலுள்ள எனது வீட்டுக்கு வந்திருந்தார். ஆசிரியையாகப் பணிபுரிபவர். எப்போதோ பத்திரிகையில் நான் எழுதிய கட்டுரையொன்றின் வழியாக என்னை அறிந்தவர். கைப்பைக்குள் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த ஒரு கண்ணாடிச் சட்டத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஐயா, இது எங்க அப்பாயி. நாலு வருசத்துக்கு முன்னாடி டவுன்ல குடுத்து புதுசாக்கி எடுத்தோம். இப்ப பாருங்க" என்றார்.

பார்த்தேன். ஸ்டூடியோவுக்கே உரிய நாற்காலியில், ஓவியத் திரைச்சீலையின் முன்னால், இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து நிமிர்ந்து அமர்ந்திருக்கும் ஒரு மூதாட்டி. கறுப்பு வெள்ளைப் படந்தான். ஆனால் அதில் கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. முகம் பாசி படிந்த கல்லைப்போலப் பச்சையாகியிருந்தது. சேலையின் மடிப்புகள் கரைந்து ஒரே பரப்பாகிவிட்டன. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு பழுப்பு நிழல்கள்.

"பழைய படம் எங்கே அம்மா?" என்று கேட்டேன்.

"புதுசு பளபளன்னு இருந்திச்சு ஐயா. பழசு ஓரமெல்லாம் கிழிஞ்சு கிடந்திச்சு. இனி எதுக்குன்னு கடையிலயே விட்டுட்டு வந்துட்டோம்."

இந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைக்கிறது. கடைக்காரரைக் கேட்டுப் பார்த்தார்களாம். பழைய படமும் இல்லை, கணினியில் கோப்பும் இல்லை. ஐம்பது ஆண்டுகள் லயக் காம்பிராவின் புகையையும் ஒழுக்கையும் தாங்கி நின்ற ஒரு படத்தை, நான்கு ஆண்டுகள்கூடத் தாங்காத ஒன்றுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கடையில் இருந்த இளைஞருக்கும் தாம் எந்த மையை, எந்தத் தாளில் இறைக்கிறோம் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த அறியாமையைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

நான் புகைப்படக்காரன் அல்லன். ஆனால் கறுப்பு வெள்ளை அச்சோடு வாழ்நாளைக் கழித்தவன். ஈய எழுத்தும் துத்தநாக பிளாக்கும் இருந்த காலத்தில் பத்திரிகைக்குள் நுழைந்தேன். ஒரு முகத்தைச் சிறு சிறு புள்ளிகளாக உடைத்துப் பிளாக் செய்வார்கள். புள்ளி பெரிதானால் கறுப்பு, சிறிதானால் சாம்பல், புள்ளியே இல்லையென்றால் தாளின் நிறம். அப்படி அச்சான எனது பழைய நறுக்குகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. தாள் முழுவதும் தேயிலைச் சாயத்தில் தோய்த்ததுபோல் பழுத்துவிட்டது. தொட்டால் உதிர்கிறது. ஆனால் எழுத்து? அன்று எந்திரத்திலிருந்து இறங்கியபோது இருந்த அதே கறுப்பு. பத்திரிகை மை என்பது எண்ணெயில் குழைத்த கரி. கரிக்கு வெயிலும் தெரியாது, காற்றும் தெரியாது. மலிந்த மரக்கூழ்த் தாள்தான் செத்துப் போகிறது.

இதை அறிய அச்சகத்துக்குப் போகத் தேவையில்லை. கண்டியிலிருந்து வடக்கே மாத்தளைக்குப் போகிற வழியில், நகரத்தைத் தாண்டியதும் அலுவிகாரை இருக்கிறது. ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரித்தூளைப் பிசின் எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைப்பதை இன்றும் வருபவர்களுக்குச் செய்து காட்டுகிறார்கள். துடைத்ததும் கீறலில் மட்டும் கரி தங்கிவிடும். நமது ஏடுகளுக்கும் விளக்குக்கரி கொண்டு மையாடியவர்கள் நம் முன்னோர். 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அந்த விகாரையின் ஏடுகள் பெருமளவு அழிந்தன. அழித்தவை போரும் தீயும். எழுதிய மையின்மீது யாரும் குறைசொல்ல முடியாது.

இனி அந்தப் பச்சைப் படத்துக்கு வருவோம்.

இன்க்ஜெட் அச்சுப்பொறியில் இடும் மைகள் இரண்டு வகை. ஒன்று சாய மை. தேநீரில் சீனி கரைவதுபோல நீரில் முற்றாகக் கரைந்த நிறம் அது. மற்றது நிறமி மை, கடைகளில் பிக்மென்ட் என்பார்கள். இதில் நிறம் கரைவதில்லை. மில்லிமீற்றரில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகள்களாக மிதக்கிறது. கரைந்த சாயத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒளிக்கும் காற்றுக்கும் தனித்தனியே முகங்கொடுக்கிறது. துகளிலோ வெளிப்புறம் சிதைந்தாலும் உட்புறம் நிற்கிறது. அதிலும் கறுப்பு நிறமி என்பது பெரும்பாலும் அதே பழைய கரிதான். சாய மையில் அச்சிட்ட படத்தின்மீது லயத்துக் கூரையின் ஒழுக்கு நீர் விழுந்தால் மை வழிந்தோடும். நிறமி மை பொதுவாக அவ்வளவு எளிதில் அசையாது.

நமது ஊர்க் கடைகளில் அதிகம் காணப்படுபவை ஆறு குப்பி மை ஊற்றும் சாய மை அச்சுப்பொறிகள். கறுப்பு, சயன், இளஞ்சயன், மஜெந்தா, இளமஜெந்தா, மஞ்சள். இந்தப் பட்டியலில் சாம்பல் இல்லை என்பதைக் கவனியுங்கள். கறுப்பு வெள்ளைப் படமொன்றின் கன்னத்து நிழல்களை அந்த எந்திரம் வண்ணங்களைக் கலந்துதான் உண்டாக்குகிறது. மூன்று சாயங்களும் சரிசமமாக நிற்கும்வரை அது சாம்பலாகத் தெரியும். ஆனால் மூன்றும் ஒரே வேகத்தில் வெளிறுவதில்லை. மஜெந்தா முந்திக்கொண்டால் எஞ்சுவது பச்சை. சயன் முந்திக்கொண்டால் எஞ்சுவது செம்மஞ்சள். வண்ணப் படத்தில் இது நேர்ந்தால் சேலையின் நிறம் கொஞ்சம் மாறியிருக்கிறது என்று கண் மன்னித்துவிடும். சாம்பலில் மன்னிக்காது. அதனால்தான் வண்ணப் படத்தைவிடக் கறுப்பு வெள்ளைக்கு நல்ல மை வேண்டும் என்கிறேன். கடையில் எதிர்மாறாக நினைக்கிறார்கள். "பிளாக் அண்ட் வைட்தானே, எதில் அடித்தால் என்ன" என்று ஒருவர் என்னிடமே கேட்டிருக்கிறார்.

இது இங்குமட்டும் கண்ட அவலம் அல்ல. 2000ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனத்தின் 870, 1270 அச்சுப்பொறிகளில் அச்சிட்ட படங்கள் சில வீடுகளில் சில வாரங்களிலேயே செம்மஞ்சளாகி, உலகெங்கும் பெரிய விவாதமாயிற்று. வெயிலே படாத படங்களும் மாறின. காற்றிலுள்ள ஓசோன் சயன் சாயத்தைத் தின்கிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. அந்தத் தாள் சட்டென்று உலரும்படி நுண்துளைகளோடு செய்யப்பட்டது. மை நுழையும் துளை வழியே காற்றும் நுழையும் அல்லவா?

கண்டியின் நிலையை இதனோடு சேர்த்துப் பாருங்கள். நாலு பக்கமும் மலை சூழ்ந்த கிண்ணம் இது. பேராதனை வீதியில் மாலை ஐந்து மணிக்கு நின்றவர்களுக்குத் தெரியும், வாகனப் புகை எழுந்து போக வழியில்லாமல் வாவிக்கு மேலே தொங்கிக் கிடக்கும். ஈரப்பதன் பெரும்பாலும் 70 வீதத்துக்கும் 80 வீதத்துக்கும் இடையில். மழைக்கால இரவுகளில் அதற்கும் மேலே. போதாக்குறைக்கு நாம் மூதாதையர் படத்தை எங்கே மாட்டுகிறோம்? சாமித்தட்டுக்கு மேலே, ஊதுபத்திக்கும் கர்ப்பூரத்துக்கும் நேராக, சிவப்பு மின்குமிழ் எரிய! மைப்பெட்டியின்மேல் நூறாண்டு, இருநூறாண்டு என்று எழுதியிருப்பதைக் காட்டிச் சிலர் வாதிடுவார்கள். படங்களின் நிலைப்பை ஆராய்வதில் உலகறிந்த ஹென்றி வில்ஹெல்மின் ஆய்வகக் கணக்குகளே 24 பாகை வெப்பம், 60 வீத ஈரப்பதன், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் 450 லக்ஸ் ஒளி என்று வைத்துப் போடப்படுபவை. நமது சாமியறை அந்தக் கணக்கில் இல்லை. குறிப்பிட்ட நிறுவன மையைக் குறிப்பிட்ட தாளில் சோதித்த கணக்கு அது என்பதும் முக்கியம். வேறொரு போத்தலிலிருந்து மலிவு மையை ஊற்றிக்கொண்டால் அந்த எண்ணுக்கும் நமக்கும் உறவு அறுந்துபோகிறது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில், தாளில்லாமல் பத்திரிகைகளே அச்சை நிறுத்திய நாட்களில், எனக்குத் தெரிந்த சில கடைகள் அப்படித்தான் மலிவு மைக்கு மாறின. மாறியவர்கள் திரும்பவில்லை.

இந்தக் கவலை நமக்கு முன்பே ஒருவருக்கு இருந்தது. ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலப் பெண்மணி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் புகைப்படக் கலைஞர்களில் ஒருவர், 1875இல் இலங்கைக்குக் குடிவந்து 1879இல் இங்கேயே இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. தமது படங்கள் வெளிறிவிடும் என்று அஞ்சி, தேர்ந்தெடுத்த சிலவற்றை இலண்டனின் ஓட்டோடைப் நிறுவனத்தைக் கொண்டு கரி நிறமியில் அச்சிடச் செய்தார் அவர். கார்பன் பிரிண்ட் என்பார்கள். ஏறத்தாழ அதே பத்தாண்டில் கண்டியிலேயே ஸ்டூடியோ நடத்தியவர் சார்ள்ஸ் ஸ்கோவென். அவர் காலத்து வழக்கம் முட்டை வெண்கருத் தாள். அத்தகைய படங்களின் வெண்பகுதிகள் மஞ்சளாகிக் கிடப்பதை இன்று பல தொகுப்புகளில் காணலாம். கரிப் படங்களோ ஆழ்ந்த நிறத்தோடு நிற்கின்றன. 2000ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்து ஜோன் கோன் என்பவர் இன்க்ஜெட் எந்திரத்திலிருந்து வண்ணங்களை எல்லாம் வெளியேற்றிவிட்டுக் கரியின் பல அடர்த்திகளை மட்டும் ஊற்றி அச்சிடும் முறையைப் பரப்பியபோது, அவரும் அந்தப் பழைய பாதைக்குத்தான் திரும்பினார். 2005இல் எப்சனின் ஆர்2400 கறுப்பு, இளங்கறுப்பு, அதனினும் இளங்கறுப்பு என்று மூன்று அடர்த்திகளைக் கொண்டு வந்த பிறகு, இது சாதாரணமானவர்களுக்கும் எட்டும் வித்தையாயிற்று. கறுப்பு வெள்ளைக்கெனத் தனி அச்சு முறையும் அதனோடு வந்தது. சாம்பலைச் சாம்பல் மையே தரும், சாயலைத் திருத்த மட்டும் ஓரிரு துளி வண்ணம்.

மை இவ்வளவென்றால், தாளின் மேற்பரப்பு விடயத்தில் எனக்கும் எனது நண்பரொருவருக்கும் ஓயாத சண்டை. கட்டுகஸ்தோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் இளைஞர் அவர். பளபளப்புத் தாளில்தான் உண்மையான கறுப்பு கிடைக்கும் என்பது அவரது கட்சி. அளவீட்டில் அவர் சொல்வது சரி. மங்கல் தாளில், அதாவது மேட் தாளில், மை இழைகளுக்குள் இறங்கிவிடுவதால் கறுப்பின் அடர்த்தி 1.6 அல்லது 1.7 அளவில் நின்றுவிடும், பளபளப்பில் 2.2ஐத் தாண்டும். ஒரே படத்தை இரண்டிலும் அச்சிட்டுப் பக்கத்தில் வைத்தால் எவரும் பளபளப்பைத்தான் கையிலெடுப்பார்கள். எங்கள் ஆசிரியை குடும்பமும் அதைத்தானே எடுத்தது.

ஆனால் சுவரில் மாட்டிக் கண்ணாடியிட்ட பிறகு அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மிஞ்சுவது பளபளப்பின் குறைகள்தாம். சாய்வாகப் பார்த்தால் கரும்பகுதிகளில் செப்பு மினுக்கம் எழும். மை விழுந்த இடத்துக்கும் விழாத இடத்துக்கும் பளபளப்பு வேறுபடும். நமது ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. வீட்டிலுள்ள பழைய படம் ஏற்கெனவே கண்ணாடியில் ஒட்டியிருந்தால், தயவுசெய்து உரிக்காதீர்கள். முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே படமெடுக்கச் சொல்லுங்கள்.

ஆகவே எனது தெரிவு பருத்தி இழையில் செய்த மங்கல் தாள். ஜெர்மனியின் ஹானமூலே செய்யும் 308 கிராம் தாள் இவ்வகையில் பெயர்பெற்றது. வேறு நிறுவனங்களும் செய்கின்றன. வாங்கும்போது அதீத வெண்மையைக் கண்டு மயங்க வேண்டாம். அந்த வெண்மை பெரும்பாலும் சலவைப் பொடியிலுள்ளது போன்ற ஒளிரும் பொருளால் வருவது. அது காலத்தில் செயலிழந்ததும் தாள் மஞ்சளாகத் தெரியும். இயல்பான பால்வெள்ளை, கரியின் இளஞ்சூட்டுச் சாயலோடு நன்றாகவே பொருந்துகிறது. மங்கல் தாளுக்கும் குறையுண்டு என்பதை ஒளிக்கவில்லை. விரல் பட்டால் வடு விழும், துடைக்க முடியாது. கையிலேந்திப் பார்க்கும் படமென்றால் பரீற்றா பூசிய தாளை ஏற்றுக்கொள்வேன். பழைய ஸ்டூடியோத் தாளின் மென்மினுக்கம் அதில் இருக்கிறது. ஒன்று மட்டும்: மங்கலுக்கு ஒரு கறுப்பு, பளபளப்புக்கு வேறொரு கறுப்பு. மாற்றி அடித்தால் பளபளப்பின்மேல் கறுப்பு பிடிக்காமல் கையோடு வரும்.

"உங்கள் வாதமெல்லாம் சரி அண்ணே, பிக்மென்ட் மெசினைச் சும்மா வைத்தால் மூக்கு அடைத்துக்கொள்கிறதே, வாரத்துக்கு ஒரு கறுப்பு வெள்ளை ஓடருக்கு நான் அதை எப்படிக் கட்டி மேய்ப்பது?" என்று கேட்டார் நண்பர். நியாயமான கேள்வி. ஒவ்வொரு கடையும் அந்த எந்திரத்தை வாங்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. என்ன மை, எத்தனை காலம் எதிர்பார்க்கலாம் என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லட்டும். கோப்பை அவர் கையில் கொடுக்கட்டும். பழைய படத்தைக் கட்டாயமாகத் திருப்பிக் கொடுக்கட்டும். லெமினேட் செய்து தருகிறேன் என்று மூலப்படத்தைச் சூட்டில் வைத்து நசுக்காமல் இருக்கட்டும். இதற்கெல்லாம் எந்திரம் எதற்கு?

இதில் இத்தனை உணர்ச்சிவசப்பட என்ன இருக்கிறது என்று வெளிநாட்டிலிருக்கும் வாசகர்கள் நினைக்கலாம். மலையகத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு படம் என்பதே அருமை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மக்கள் இவர்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று தலையெண்ணிப் பிரித்தது. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்துக்குக் காகிதங்களோடு அலைந்த தலைமுறை, இந்த நகரத்து ஸ்டூடியோக்களில்தான் கடவுச்சீட்டுக்குப் படமெடுத்தது. அப்படியே, பிரிவதற்கு முன் ஒரு குடும்பப் படமும். தலைமன்னாரில் கப்பலேறியவர் ஒரு பிரதியைக் கொண்டுபோனார். இங்கே நின்றவர் ஒரு பிரதியை வைத்துக்கொண்டார்.

அதைத்தான் ஆசிரியையிடம் கேட்டேன். "அந்தப் படம் எடுத்தபோது எத்தனை பிரதி எடுத்தார்கள்?"

அவர் யோசித்தார். அத்தை ஒருவர் 1971இல் இந்தியாவுக்குப் போனவர், நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம், தாயகம் திரும்பியோருக்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் (பின்னாளில் டான்டீ) வேலைசெய்து ஓய்வுபெற்றவர். அவரிடம் இருக்கலாம் என்றார்.

இருந்தது. முதலில் வாட்சப்பில் வந்தது, தபால்தலை அளவுக்குச் சுருங்கி. அதில் எதுவும் செய்ய இயலாது என்று சொல்லி, ஸ்கேன் செய்து கோப்பாகவே மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னோம். அத்தை படத்தைத் தபாலில் அனுப்பச் சம்மதிக்கவில்லை. கடையில் விட்டுவரவும் சம்மதிக்கவில்லை. பேரனோடு கூடலூருக்குப் போய், ஸ்கேன் செய்து முடியும்வரை எந்திரத்தின் பக்கத்திலேயே நின்றாராம். எனக்கு அந்த அம்மாளின்மீது பெரும் மரியாதை ஏற்பட்டுவிட்டது. இடையில் ஒரு காப்பாக அந்தப் பச்சைப் படத்தையும் ஸ்கேன் செய்து, மூன்று வண்ண அலைவரிசைகளில் சிவப்பை மட்டும் பிரித்தெடுத்து வைத்தோம். குறைவாக வெளிறிய சயன் சாயம் தாங்கி நின்ற உருவம் அதில் ஓரளவு தெளிவாகவே கிடைத்தது. இரண்டாவது பிரதி இல்லாதவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

600 புள்ளி அளவில் வந்த கோப்பில் அப்பாயியின் மூக்குத்திகூடத் தெரிந்தது. ஓரங்களில் வெள்ளி மேலெழுந்து நீலமாக மினுங்கியதைத் தவிர ஐம்பது ஆண்டில் அந்தப் படத்துக்கு எதுவும் ஆகவில்லை. நண்பர் கிழிசல்களைச் சரிசெய்தார். சுருக்கங்களையும் நீக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் ஆசிரியை. கொழும்பில் கண்காட்சிகளுக்கு அச்சிடும் ஓரிடத்தில் நிறமி மையில் இரண்டு பிரதிகள் எடுத்தோம். வீட்டுச் சுவருக்கு மங்கல் தாளில் ஒன்று, கண்ணாடியைத் தொடாதபடி இடையில் அட்டை வைத்து. அத்தைக்குப் பரீற்றாத் தாளில் சிறியதாக ஒன்று. டவுன் கடையில் கொடுத்ததைப்போல ஏழு மடங்கு செலவாயிற்று. அதை ஆசிரியை பெரிதுபடுத்தவில்லை.

படத்தின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்கள். ஸ்டூடியோவின் ஊதா நிற முத்திரை அங்கே இருந்தது. சாய மை, பெயரை வாசிக்க முடியவில்லை, கண்டி என்பதில் ஓர் எழுத்து மட்டும் எஞ்சியிருந்தது. அதன் கீழே யாரோ பென்சிலால் எழுதிய "ஆவணி 1971, அம்மா" நேற்று எழுதியதுபோல் இருந்தது. புதிய பிரதியைச் சட்டமிடுவதற்கு முன், ஆசிரியை என்னிடம் ஒரு பென்சில் வாங்கி, தாளைத் திருப்பி வைத்து, அதே சொற்களை ஓரமாக எழுதிக்கொண்டார்.